கூட்டுக்குப் புதுசா வந்தவர்கள்

போன வருசம் கச்சான் காத்து வீசின நாட்களில் எங்கட வீட்டில் ஒரு சாவு நடந்தது. செத்தது ஒரு கினிப்பன்றி. வாசிக்கிற நீங்கள் சிரிக்கலாம். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் இந்தப் பேரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்முனைக்குடியில், ஒரு முஸ்லிம் வீட்டில், 'பன்றி' எண்டு முடிகிற ஒன்றை வளர்ப்பது லேசான காரியமில்லை. ராத்தாவும் நானும் ரெண்டு குட்டிகளை முதன்முதலாகக் கொண்டு வந்த அன்று மூத்தம்மா வாசலிலேயே மறித்துவிட்டா.

"பண்டியா? ஊட்டுக்குள்ளயா? அஸ்தஃபிருல்லாஹ்!"

"பண்டி இல்ல மூத்தம்மா. இது எலிட சாதி."

"எலியக் காசு குடுத்தா வாங்கின?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

உண்மையில் அது பன்றியும் இல்லை, கினி நாட்டில் இருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கத்தில் ஏறத்தாழ 7000 வருசத்துக்கு முன்பே மனிசர் வளர்க்கத் தொடங்கின பிராணி. அங்கே அதை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள், 'கூய்' எண்டு கூப்பிடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்ச் செல்லப்பிராணி ஆனது. தமிழில் சீமைப் பெருச்சாளி எண்டும் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரை மூத்தம்மாவுக்குச் சொல்லவில்லை. எங்கட வீட்டில் 'பன்றி'யை வெட்டிவிட்டு 'கினி' எண்டு மட்டும் வைத்துக்கொண்டோம். ஒன்றுக்குப் பேர் பட்டு, மற்றதுக்குப் பஞ்சு. ரெண்டும் பெட்டை.

ரெண்டு வருசம் கூடு எங்கட அறையில்தான் இருந்தது. ராத்தாவும் நானும் படுக்கிற அறை. பிறகு ராத்தாவுக்குக் கலியாணம் வந்தது.

எங்கட பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பொண்ணு போறதில்லை, மாப்பிள்ளைதான் வாறது. வீடு பொண்ணுக்கு. டெனிஸ் மெக்கில்வ்ரே எண்ட மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வழக்கத்தை விளக்கியிருக்கிறார். அதைப் பற்றிப் படிக்கும்போது, 'இது எங்கட வீட்டுக் கதைதானே' எண்டு பெருமையாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வந்தபிறகு தங்கச்சிட கட்டிலும் கினிக்கூடும் எங்கே போகும் எண்டதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கட்டில் மூத்தம்மாட அறைக்குப் போனது. கூடு பின்பக்கத் தகரப் பத்திக்குக் கீழே போனது.

அன்று எனக்கு ஒலுவிலில் பரீட்சை. முடிந்து பஸ் ஏறி, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எல்லாம் தாண்டி வீட்டுக்கு வரும்போது மூன்று மணி ஆகிவிட்டது. பஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஈரத்துணியால் சுற்றினேன். அசருக்கு பாங்கு சொல்ல முதல் முடிந்துவிட்டது. பிறகு மிருக வைத்தியரிடம் கேட்டபோது, "கினிக்கு எங்களப் போல வேர்க்காது. சூடு 30 பாகைக்கு மேல ஏறினாலே அதுக்கு ஆபத்து. தகரத்துக்குக் கீழ எண்டா கேக்கவே தேவல்ல" எண்டார்.

நான் யாரையும் ஏசவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு ஆளைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். மச்சான். அவர் அந்தக் கூட்டைத் தொட்டதுகூட இல்லை. 'இவர் வராம இருந்திருந்தா' எண்டு மட்டும் நினைத்தேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசினது, "சாப்பிட வரட்டாம்", "உம்மா கூப்பிர்றா", இவ்வளவுதான்.

பட்டு தனியாகிவிட்டது. முந்தியெல்லாம் குளிர்சாதனப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டாலே ரெண்டும் 'வீக் வீக்' எண்டு விசிலடிக்கும். இப்போது பட்டு மூலையில் சும்மா இருந்தது. கினி கூட்டமாக வாழ்கிற பிராணி. மனிசர் எவ்வளவு கொஞ்சினாலும் இன்னொரு கினிக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினியைத் தனியாக வளர்ப்பதே குற்றம். ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, "மனிசருக்கு முதல்ல அப்பிடி ஒரு சட்டம் வரட்டும்" எண்டு சிரித்தாள்.

ரெண்டு கிழமை போயிருக்கும். மச்சான் வேலை முடிந்து ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே ரெண்டு குட்டி.

"இஞ்ச பாருங்க, பட்டுக்குக் கூட்டாளிமாரு. உள்ளுக்குப் போட்டா சேந்துக்கும்."

சொல்லிக்கொண்டே கூட்டுக் கதவில் கை வைத்தார்.

"போடாதீங்க!"

நான் கத்தின கத்தில் குசினியில் இருந்து உம்மாவும் ராத்தாவும் ஓடி வந்தார்கள். ஒரு மாதத்தில் நான் அவரோடு உரத்துப் பேசின முதல் பேச்சு அதுதான். அவர் கையை எடுத்துவிட்டார். முகம் சுருங்கிப் போனது. எனக்கும் வெட்கமாகிவிட்டது. அதனால் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

புது கினியை வந்த அன்றே பழைய கினியோடு விடக் கூடாது. முதல் காரணம் நோய். கடையில் இருந்து வருகிற குட்டியிடம் பேன், பங்கசு, சளி எதுவும் இருக்கலாம், வெளியே தெரியக் கொஞ்ச நாள் எடுக்கும். அதனால் ரெண்டு கிழமை வேறு அறையில், வேறு பாத்திரங்களோடு வைத்திருக்க வேண்டும். ரெண்டாவது காரணம் ஆணா பெண்ணா எண்டது. கடைக்காரர் "ரெண்டும் பெட்டை" எண்டு சொல்லித்தான் கொடுத்திருந்தார். நான் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று கடுவன்.

கினியில் கடுவன் குட்டி மூன்று கிழமையிலேயே பருவத்துக்கு வரத் தொடங்கும். சினைக்காலம் ஏறத்தாழ ரெண்டு மாதம். குட்டிகள் கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு பிறந்து அன்றே ஓடித் திரியும். "கணக்குப் போட்டுப் பாருங்க மச்சான்" எண்டேன். அவர் கணக்குப் போடவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனார். மாற்றி எடுக்க முதல் அங்கிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினார், ராத்தாட போனுக்கு. நான் பார்த்துச் சரி எண்ட பிறகுதான் காசு விசயம் பேசினாராம்.

குட்டிகள் எங்கட அறைக்கு வந்தன, அதாவது மூத்தம்மாட அறைக்கு. கூடாது எண்டு சொல்லுவா எண்டு பயந்தேன். மாறாக அவ பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியாக விட்டதால் தண்டனைக்கு ஆளான பொம்பிளையின் ஹதீஸைச் சொல்லி, "தண்ணி வெச்சியா?" எண்டு ராவைக்கு ரெண்டு தரம் எழுப்பிக் கேட்டா. முற்றத்துக் கொய்யாவில் பழம் பறித்துக் கொடுத்ததும் அவதான். அது நல்ல சாப்பாடு. மனிசரைப் போலவே கினியின் உடம்பும் விற்றமின் சீ உண்டாக்காது, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். 1907இல் நோர்வேயில் ரெண்டு ஆய்வாளர்கள் ஸ்கர்வி நோய் சாப்பாட்டுக் குறையால் வருவது எண்டு காட்டினது கினிகளை வைத்துத்தான்.

அந்தப் பதினாலு நாளும் சும்மா இருக்கவில்லை. கினிக்கு ஆளைத் தெரிவது மணத்தால். அதனால் மணத்தை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். மச்சான் தன்ட பழைய மருதமுனைச் சாரம் ஒன்றைத் தந்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குட்டிகளுக்கு விரித்தேன். ஏழாம், எட்டாம் நாளில் அவை படுத்த துண்டைப் பட்டுட கூட்டில் வைத்தேன், பட்டுட துணியைக் குட்டிகளுக்குக் கொடுத்தேன். பட்டு அந்தச் சாரத் துண்டைச் சுற்றிச் சுற்றி மோந்தது. பிறகு அதன் மேல் மூத்திரம் பெய்தது. ரெண்டு நாளில் அதன் மேலேயே படுத்தது.

பதினைஞ்சாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஹோலைக் கழுவித் துடைத்தோம். முதல் சந்திப்பு பழைய ஆளின் கூட்டில் நடக்கக் கூடாது. தன்ட இடம் எண்டு அது சண்டைக்கு வரும். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும். வாப்பா வயலில், களைநாசினி அடிக்காத வரம்பாகப் பார்த்து ஒரு பை புல் அறுத்து வந்திருந்தார். அதை ஒரே குவியலாக வைக்காமல் நாலு இடத்தில் வைத்தேன். மச்சான் அட்டைப் பெட்டிகளில் வாசல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வாசல் வெட்டுங்க மச்சான். ஒரு வாசல் எண்டா பெரிய ஆள் மறிச்சுக்கிட்டா சின்ன ஆளுக்குத் தப்ப ஏலா."

அவர் வெட்டிக்கொண்டே சிரித்தார். "நான் வந்த அண்டைக்கு எனக்கு ஒரு வாசல்தான் இரிந்திச்சு. அதுலயும் நீங்க நிண்டீங்க."

எனக்கு என்ன சொல்வது எண்டு தெரியவில்லை. பட்டுவைக் கொண்டுவந்து விட்டேன்.

முதல் கால்மணித்தியாலம் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. பட்டு தலையை உயர்த்தி, உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமிக்கொண்டு சுற்றி வந்தது. பல்லை நறநறத்தது. குட்டிகளைத் துரத்தியது, ஒன்றின் மேல் ஏறியது. குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு பெட்டிக்குள் ஓடின. மச்சான் எழும்பிவிட்டார்.

"விடுங்க மச்சான். ரத்தம் வராட்டி கை வைக்கக் கூடா."

யார் பெரிய ஆள் எண்டதை அவை இப்படித்தான் தீர்த்துக்கொள்ளும். இடையில் பிரித்தால் அடுத்த முறை திரும்ப ஆரம்பத்தில் இருந்து தொடங்கும். ரெண்டும் ஒன்றாகிப் பந்து போல உருண்டு சண்டை பிடித்தால், கடித்துக் காயம் வந்தால் மட்டும்தான் பிரிக்க வேண்டும், அதுவும் வெறுங்கையால் இல்லை, துவாயைப் போட்டு.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. சுவரில் சாய்ந்து ரெண்டு பேரும் நிலத்தில் இருந்தோம். அப்போதுதான் மச்சான் சொன்னார். வந்த முதல் மாதம் ராவில் தண்ணி குடிக்கக்கூட வெளியே வரமாட்டாராம். ஹோலில் நாங்கள் எல்லாரும் இருப்போம், அதைத் தாண்டித்தான் குசினிக்குப் போக வேண்டும். அவருட உம்மாட வீடு சாய்ந்தமருதில், பக்கத்து ஊர். அதனால் தூரம் எண்டு சொல்லிக் கவலைப்படவும் ஏலாதாம். அது யாருட அறை எண்டதும் கலியாணம் முடிந்து நாலு நாளைக்குப் பிறகுதான் தெரியுமாம், சுவரில் நான் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் பார்த்து.

பதினாலு நாள் வேறு அறை, துணி மாற்றுதல், ரெண்டு வாசல், நாலு இடத்தில் புல். குட்டிகளுக்கு நான் யோசித்ததில் ஒன்றைக்கூட இந்த மனிசனுக்கு யோசிக்கவில்லை. இடத்தை இழந்தது நான் எண்டு மட்டும் நினைத்துக்கொண்டு பல்லை நறநறத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பஞ்சு செத்ததுக்கு உங்களோடதான் கோவமா இருந்தன்" எண்டு சொல்லிவிட்டேன்.

"தெரியும்" எண்டார். "அதனாலதான் கடைக்குப் போன."

ரெண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே குவியலில் புல் தின்றுகொண்டு இருந்தன. நாலு குவியல் இருந்தும் ஒரே குவியலில். கொஞ்ச நேரத்தில் சின்னக் குட்டி நின்ற இடத்திலேயே துள்ளிக் காற்றில் உடம்பை முறுக்கியது. சந்தோசம் வந்தால் கினி அப்படித்தான் செய்யும்.

பொழுது படுவதற்குள் கூட்டை வினாகிரி கலந்த தண்ணியால் கழுவி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் இடம் மாற்றி, தண்ணிப் போத்தல், சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் கூடுதலாக வைத்து மூன்றையும் ஒன்றாக விட்டோம். கூடு இப்போது ஹோல் மூலையில், மின்விசிறிக்குக் கீழே. தகரத்துக்குக் கீழே இனி ஒருக்காலும் இல்லை.

பட்டு இப்பவும் இடைக்கிடை துரத்தும். நல்ல கொய்யாத் துண்டு முதலில் அதுக்குத்தான். ஆனால் மத்தியானத்தில் மூன்றும் அந்தச் சாரத் துண்டில் ஒட்டிக்கொண்டு படுக்கும். பின்னேரம் மச்சான்ட மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டதும் மூன்றும் ஒன்றாக விசிலடிக்கும், அவர் மல்லித்தழை கொண்டு வருவார் எண்டு தெரியும்.

மூத்தம்மா பாயில் இருந்துகொண்டு சொல்லுவா: "மருமகன் வாறாரு, பண்டிகள் கூப்பிடுது. கதவத் தொறங்க புள்ள."

நான்தான் போய்த் திறப்பேன்.