குதிரைக்குள் ஒரு சுத்தியல்

கடையில் விற்கும் குச்சிக் குதிரையின் ஒரு காதை அழுத்தினால் கனைக்கும். மறு காதை அழுத்தினால் சில நொடிகளுக்குக் குளம்பொலி. பஞ்சடைத்த துணித் தலை, அதற்குள் ஒரு ஒலிச் சில்லு, இரண்டு மூன்று பொத்தான் மின்கலங்கள், கீழே ஒரு கழி, அவ்வளவுதான். பிள்ளைகள் அதைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறார்கள் என்று பொம்மைக் கடைகளில் நின்று கவனித்திருக்கிறேன். ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று காதை அழுத்துகிறார்கள். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி அழுத்துகிறார்கள். சவாரி போக வேண்டிய பிள்ளை சுவிட்சு போடும் ஆளாகிவிடுகிறது.

துடைப்பக் கட்டையைக் காலிடுக்கில் வைத்துத் தெருவைச் சுற்றி வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. நாக்கை அண்ணத்தில் தட்டிக் குளம்பொலி எழுப்பிக்கொண்டார்கள். பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்திலும் ஒரு பிள்ளை கழியைக் குதிரையாக்கிச் சவாரி போகிறது. இன்று பின்லாந்தில் பதின்வயதுப் பெண்கள் இதே குச்சிக் குதிரையோடு தடை தாண்டும் போட்டி நடத்துகிறார்கள். அந்தக் குதிரைகளுக்குள் மின்கலம் கிடையாது. காலும் மூச்சும் முழுக்க அவர்களுடையவை.

மின்னணு பொம்மைகள் வடிவமைப்பது என் பிழைப்பு. அதனால் எனக்கு வந்த வேலை கொஞ்சம் முரண்பாடானது. குச்சிக் குதிரைக்குள் மின்சுற்று வைக்க வேண்டும், ஆனால் பொத்தானே இருக்கக் கூடாது. பிள்ளை குதித்தால் ஒலிக்க வேண்டும், நின்றால் அடங்க வேண்டும். மரத்தில் தலை செய்யலாம் என்று முடிவானதும் சென்னபட்டணா போனேன்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் ரயிலில் ராமநகரத்தைத் தாண்டினால் சென்னபட்டணா வந்துவிடும்.  கன்னடத்தில் ‘கொம்பெகள ஊரு’, பொம்மைகளின் ஊர், என்றே இதற்குப் பெயர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இத்தொழிலைத் தொடங்கிவைத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளைப் படித்து இங்கே கொண்டுவந்தார் என்று அவரை மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள். நெடுஞ்சாலையோரக் கடைகளில் ஆடுகுதிரைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் 2023இல் விரைவுச் சாலை திறந்த பிறகு கார்கள் ஊருக்குள் வராமல் வெளியே பறந்துவிடுகின்றன. கடைக்காரர்கள் அதைச் சொல்லிச் சலித்துக்கொள்கிறார்கள். இதே சாலையில் உள்ள மத்தூரின் வடைக்காரர்களுக்கும் இதே புலம்பல் என்றார் ஒருவர்.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு சந்துக்குள் இருந்த கடைசல் பட்டறை. தகரக் கூரை, நான்கு கடைசல் இயந்திரங்கள், ஒரே மோட்டாரிலிருந்து பெல்ட் ஓடும் தண்டு. மூலையில் பட்டை உரித்த கட்டைகள் அடுக்கிக் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். நம் பக்கம் தைலம் காய்ச்சும் வெட்பாலைதான் அது. கிள்ளினால் பால் வடியும். உள்மரம் தந்தம் போல வெளுத்திருக்கும். ரேகை நெருக்கமாக ஓடுவதால் உளிக்குப் பிசிறில்லாமல் சீவிக் கொடுக்கும், அரக்கையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது ரப்பர் மரமும் நிறையப் புழங்குகிறது.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். உருது, கன்னடம், வியாபாரத்துக்கு வேண்டிய தமிழ், மூன்றும் கலந்த பேச்சு. என் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீள முகம், தட்டையான கன்னம், வளைந்த கழுத்து.

“சார், கடைசல்ல வட்டம்தான் வரும். இது தச்சன் செய்யுற குதிரை.”

பிறகு பேச்சில்லை. கீழே கிடந்த பெட்டியைக் கிளறி, முட்டை வடிவில் ஒன்று, அடி பருத்த கூம்பு ஒன்று, சின்னச் சின்ன முளைகள் இரண்டு எடுத்தார். கூம்பைச் சாய்த்து வைத்து அதன் நுனியில் முட்டையைக் குறுக்காகப் பொருத்தினார். மேலே இரண்டு முளை. குதிரை வந்துவிட்டது. இந்த ஊர்ப் பொம்மைகள் அத்தனையும், ரயில் வண்டியும் யானையும் ராஜா ராணியும்கூட, உருளை, கூம்பு, பந்து, வளையம் என்ற உறுப்புகளிலிருந்து கூட்டிச் சேர்த்தவைதான். சுழல்வதில் பிறக்காத எதுவும் அதில் இல்லை. கடைசல் இயந்திரம் விதிக்கும் இந்தக் கட்டுப்பாடுதான் சென்னபட்டணாவின் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது. கண், மூக்கு, பிடரி என்று நுணுகிச் செதுக்கிய பொம்மையில் பிள்ளைக்குக் கற்பனை செய்ய மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

கடைவதைப் பார்க்க உட்கார்ந்தேன். கட்டையின் ஒரு முனையைச் சுழலும் தலையில் தட்டி இறுக்கினார். மோட்டார் ஓடியதும் கட்டையின் விளிம்பு புகைபோல மங்கியது. அகல உளியை வைத்ததும் சீவல் நூலாகச் சுருண்டு அவர் முழங்கை மேல் வந்து விழுந்தது. அளவுக்கருவியை இரண்டு முறைதான் தொட்டார், மற்றதெல்லாம் கண் மதிப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு அரக்குக் குச்சி. சாயம் கலந்து, சூட்டில் இளக்கி, இழுத்து மடித்து இழுத்துச் செய்த குச்சி அது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள், நீலத்துக்கு அவுரி. சுழலும் மரத்தின் மேல் அதை அழுத்தினார். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகித் திட்டுத் திட்டாக அப்பியது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அடுத்து ஒரு காய்ந்த தாழை ஓலையை மடித்து அதே இடத்தில் அழுத்தி, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. திட்டுகள் கலைந்து நிறம் முழுவதும் ஒரே சீராகப் பரவிப் பளபளத்தது. தூரிகை இல்லை, உலர்த்துவதற்குக் காத்திருப்பும் இல்லை.

இந்தச் சூடு என் வேலைக்கு ஒரு வரிசையை விதித்தது. முதலில் உள்ளே குடைவு, அடுத்து வெளி அரக்கு, மின்சுற்று கடைசியில். அதுவும் சூடான பசை வெளிப்பக்கம் படாமல் வைக்க வேண்டும். பட்டால் அரக்கு இளகி நிறம் நழுவிவிடும்.

மின்சுற்றில் அதிசயம் எதுவுமில்லை. முடுக்கமானி என்ற சில்லு மூன்று திசைகளிலும் அசைவை அளந்து சொல்லும். செல்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புவது இதனால்தான். கழி சும்மா இருந்தால் புவியீர்ப்பு மட்டும் பதிவாகும், பிள்ளை குதித்தால் அளவு ஏறி இறங்கும். ஏற்ற இறக்கத்தின் வேகத்தை ஒரு சிறு கணிப்பான் எண்ணிப் பார்த்து எந்த நடை என்று தீர்மானிக்கும். குதிரையின் நடைகளுக்குத் தாளம் உண்டு. மெல்ல நடந்தால் நான்கு குளம்புகளும் தனித்தனியாக விழும். துரிதநடையில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழுவதால் இரண்டு தட்டு. அடுத்த வேகத்தில் மூன்று. நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நான்கு, பிறகு நான்கு காலும் தரையை விட்டெழும் ஒரு கணம். அந்தக் கணம் உண்டா இல்லையா என்ற வழக்கை 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படமெடுத்துத் தீர்த்துவைத்தார்.

குளம்பொலியைப் பதிவு செய்து செல்பேசியில் கொண்டுபோயிருந்தேன். போட்டுக் காட்டினேன். பாய் கேட்டார், முகத்தில் எதுவும் தெரியவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு குங்குமச் சிமிழ்களை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு, குடைந்த வாய்ப்பக்கத்தைப் பலகையில் கவிழ்த்துத் தட்டினார். டொக், டொக்கு, டொக். நாடகக்காரர்களும் வானொலிக்காரர்களும் கொட்டாங்கச்சியை வைத்துச் செய்த வித்தைதான்.

“மரம்தானே பொம்மை? சத்தத்தை மட்டும் ஏன் வெளியிலேருந்து கொண்டுவரணும்?”

ஒலிபெருக்கியை அப்போதே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் சொலினாய்டு வந்தது. கம்பிச் சுருளுக்குள் ஒரு இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் முன்னால் துள்ளும், நின்றதும் ஸ்பிரிங் அதைப் பின்னிழுத்துக்கொள்ளும். கழுத்துக் கூம்புக்குள் சிமிழைப் போல ஒரு குடைவு, அதன் சுவரைத் தட்டும் சுத்தியலாக இந்தத் தண்டு. பிள்ளையின் குதிப்பு எந்த நடை என்று சில்லு சொல்லும், சுத்தியல் அந்தத் தாளத்தில் மரத்தைத் தட்டும். சுவர் தடிமனாக இருந்தால் ஒலி செத்துவிடுகிறது, மெலிந்தால் கீச்சென்று ஆகிவிடுகிறது. பாய் ஒவ்வொன்றாகக் குடைந்து, விரலால் சுண்டிப் பார்த்து, ஒன்றிரண்டை ஓரம் தள்ளினார். மிருதங்கக்காரரிடம் வேலை செய்கிற மாதிரி இருந்தது எனக்கு.

சொலினாய்டு மின்சாரத்தைக் குடிக்கும். பொத்தான் மின்கலம் அதற்குத் தாங்காது. எப்படியும் அது எனக்கு வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழலைப் பொசுக்கிவிடும் பொருள் அது, பிள்ளைகளின் பொம்மையில் அதை நான் வைப்பதில்லை. பென்சில் மின்கலம் மூன்று என்று முடிவானது. அவற்றை முட்டையின் பின்பாதியில் வைத்து, சிமிழ் மூடியைப் போல இறுக்கமாகப் பொருந்தும் ஒரு மூடி செய்துகொடுத்தார் பாய். காற்றுகூடப் போகாத பொருத்தம், இழுத்தால் ‘பொப்’ என்று திறந்தது. அழகுதான், ஆனால் பிள்ளையும் அப்படியே திறந்துவிடும். திருகாணி போட்டே ஆக வேண்டும் என்றேன். அரக்கு போட்ட மூடியில் இரும்புத் திருகாணி என்றதும் அவர் முகம் சுருங்கியது. மூடியின் நடுவில் கறுப்பு அரக்கில் ஒரு வட்டம் வைத்து, அதற்குள் திருகாணியைப் புதைத்தார். குதிரைக்குப் பின்னந்தலைச் சுட்டி வந்துவிட்டது.

அடுத்த அறையில் பெண்கள் உட்கார்ந்து பசை போட்டு உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், கண் எழுதிக்கொண்டிருந்தார்கள். காது முளைகளைத் துளையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், என் மாதிரியின் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்து, “இது வரும்” என்றார். வந்துவிட்டது. மழைக்காலத்தில் கடைந்து வைத்த முளை வெயில்காலத்தில் சுருங்கினால் இப்படித்தான் என்றும், காதை மட்டும் நன்றாகக் காய்ந்த மரத்தில் கடையச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். பொம்மைப் பரிசோதனைக் கூடங்கள் உறுப்புகளை இழுத்துப் பார்ப்பதற்குத் தனிக் கருவி வைத்திருக்கின்றன. அக்காவின் விரல்களுக்கு அந்த வேலை முன்பே தெரியும்.

பரிசோதனைக் கூடம் என்றதும் பணப் பேச்சும் வந்தது. பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2020இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.  பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. சென்னபட்டணா பொம்மை புவிசார் குறியீடு பெற்றது, பாய் கைவினைஞர். நான் இரண்டுமில்லை. மின்கலம் வைத்த பொம்மையை என் பெயரில் விற்க வேண்டுமானால் மின் பொம்மைகளுக்கான ஐஎஸ் 15644 என்ற தரத்துக்குப் பரிசோதித்து முத்திரை வாங்க வேண்டும். அந்தச் செலவு தலைக்கு இவ்வளவு என்று ஏறும்.

கூலியும் ஏறத்தான் செய்யும். இங்கே உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு குடைவுக் கூம்பு கடையும் நேரத்தில் எத்தனை பம்பரம் கடையலாம் என்று பாய் சிலேட்டில் போட்டுக் காட்டினார். பேரம் பேச அதில் இடமில்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

கணக்கை முடித்துவிட்டு அவர் ஒன்று செய்தார். ஓரம் தள்ளியிருந்த கூம்பு ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு மரமணியைப் போட்டு, வாயை முளையால் அடைத்தார். கிலுகிலுப்பைக்குச் செய்வது போல. கழியைச் செருகி என்னிடம் நீட்டி, “குதிங்க சார்” என்றார். குதித்தேன். மணி உள்ளே உருண்டு டொக்டொக்கென்றது. மின்கலம் இல்லை, திருகாணி இல்லை, சில்லு இல்லை.

இதற்கு என்னிடம் பதில் உண்டு. மணி குலுங்குமே ஒழியத் தாளம் தராது. ஒரு குதிப்பை இரண்டு தட்டாகவோ மூன்று தட்டாகவோ மாற்றி, வேகம் கூடினால் பாய்ச்சலுக்கு மாறும் வேலையைச் சில்லுதான் செய்ய முடியும். பிள்ளையின் இரண்டு காலை அது நாலு காலாக்கித் தருகிறது. அந்த வித்தியாசத்துக்காக இவ்வளவும் செய்யலாம் என்று நான் இன்னும் நினைக்கிறேன். பட்டறையில் இருந்த பையன்களில் ஒருவன் என் மாதிரியை வைத்துச் சந்தில் ஓடிப் பார்த்துவிட்டு, நடை மாறும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தான். பாயும் அதைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா செல்லு தீர்ந்தா?”

அதனால் இப்போது என் வரைபடத்தில் சுத்தியலுக்குப் பக்கத்தில் ஒரு மரமணியும் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது மணியைச் சொலினாய்டின் தண்டு ஓரமாக அழுத்திப் பிடிக்கிற மாதிரி ஒரு தடுப்பு வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. பாய் காத்திருக்கவில்லை. மணிக்குதிரையைச் சிவப்பிலும் மஞ்சளிலும் கடைந்து சாலையோரக் கடைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். என்னுடையதற்கு நான் போடப்போகும் விலையில் பத்தில் ஒரு பங்குதான் அதன் விலை.