தலக்கோனாவில் முசு

டி.வி.யில் சிம்பன்ஸியைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு ஒரே நச்சரிப்பு: “காட்டிலே குரங்கு பார்க்கணும்ப்பா.” ஆப்பிரிக்கா போக வசதி இல்லாத தகப்பன் திருப்பதிக்கு டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை தரிசனம், ஞாயிறு தலக்கோனா.

திருப்பதியிலிருந்து சுமார் 50 கி.மீ. பழைய சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். பாகராப்பேட்டையைத் தாண்டியதும் காடு நெருங்கி வருகிறது. 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது அருவி.

அருவிக்குப் போகும் பாதையிலேயே குரங்குகள் காத்திருந்தன. நம் ஊர்க் கோயில்களில் இருக்கும் அதே நாட்டுக் குரங்குகள்தான். பையில் லட்டு இருப்பது அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மகள் அலறினாள், பை போயிற்று. பக்கத்தில் ஒரு குடும்பம் சிப்ஸை வீசி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சற்று முன் நானே ஒரு வாழைப்பழத்தை நீட்டியிருந்தேன்.

அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் காட்டுக்குள் அழைத்துப் போன உள்ளூர் வழிகாட்டி சட்டென்று நின்றார். “கொண்டமுச்சு, சார்.” உயரத்தில் கரிய முகம், சாம்பல் உடல், தொங்கும் நீண்ட வால். தெலுங்கின் ‘முச்சு’ தமிழின் ‘முசு’வேதான். ‘கொண்ட’ என்றால் மலை. குரங்கு, முசு, ஊகம் என்று தொல்காப்பியம் தனித்தனியே பெயர் சொல்கிறது. நாம் மூன்றையும் ‘குரங்கு’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

முசு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இலை தின்னத் தொடங்கியது.

“அது ஏன் கிட்டே வரலை?” என்றாள் மகள்.

“இதுங்களுக்கு இன்னும் யாரும் பிஸ்கட் குடுக்கலை, பாப்பா.”

ஆப்பிரிக்காவிலும் இதே பாடம்தான். 1960-ல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போன ஜேன் குடால், சிம்பன்ஸிகளை அருகில் வரவழைக்க வாழைப்பழம் வைத்தார். சிம்பன்ஸிகள் வந்தன, கூடவே அடிதடியும் வந்தது. பிறகு பழம் வைப்பதை வெகுவாகக் குறைக்க வேண்டியிருந்தது.

இதே காட்டில் தேவாங்கும் உண்டு. தெலுங்கில் ‘தேவாங்க பில்லி’, அதாவது தேவாங்குப் பூனை. பகலில் தூங்கி இரவில் பூச்சி தேடும் பிராணி. தேவாங்குக்கென்றே தமிழக அரசு 2022-ல் கடவூரில் சரணாலயம் அறிவித்தது. தலக்கோனாவில் அது எங்கள் கண்ணில் படவில்லை. படாமல் இருப்பதுதான் அதற்கு நல்லது என்று தோன்றியது.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவியில் தண்ணீர் இருக்கும். தின்பண்டங்களை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு இறங்குங்கள்.

திரும்பும் வழியில் மகள் சிம்பன்ஸி பேச்சையே எடுக்கவில்லை. பாகராப்பேட்டையில் பஸ் நின்றபோது, ஜன்னலோரம் வந்த குரங்கைப் பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாக மடியில் மறைத்துக்கொண்டாள்.