பிரயாணத்திற்கு உகந்த சிறு கணினி

நம் முன்னோர் பிரயாணம் புறப்படுங்கால் கட்டுச்சோறும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டனர். நாமோ கமரா, கைத்தொலைபேசி, அவற்றுக்கு வேண்டிய வயர்கள் என்று தனிப்பை ஒன்றே சுமக்கின்றோம். அப்பையில் கணினி ஒன்றையும் சேர்த்தல் அவசியந்தானா என வாசகர்கள் வினவலாம். எடுக்கும் படங்கள் தொலைந்தால் மீண்டும் எடுக்கக்கூடியவை எனின் அவசியமில்லை. மீண்டும் எடுக்கவியலாதவை எனின் அதனினும் அவசியமானது பிறிதில்லை என்பதே எமது துணிபு.

எமது தேவை இத்தகையது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு நீங்கியபோது, எம் வீட்டாரும் காணி உறுதியையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு நடந்தனர். அல்பம் அலுமாரியிலே தங்கிற்று. மறு ஆண்டு திரும்பியபோது அலுமாரியும் இல்லை, அதற்கு மேலிருந்த கூரையும் இல்லை. எம் பெற்றோரின் திருமணப் படம் முதலாயின இன்று உறவினர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பிரதிகளே. அவற்றைப் படம்பிடித்து ஒன்றுசேர்க்கும் பொருட்டு யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு எனப் பன்னிரண்டு நாட் பிரயாணமொன்றை வகுத்தோம்.

கைத்தொலைபேசி போதாதோ என்றனர் நண்பர். பழைய படத்தின் வழவழப்பில் யன்னல் வெளிச்சம் பட்டு, முகமொன்று மறைந்துவிடுவதுண்டு. அதனைச் சிறு திரையிற் கண்டுகொள்ளல் அரிது. ஊர் திரும்பியபின் கண்டு பயனில்லை. அன்றியும், படத்திலுள்ளோரின் பெயர்களை முதியோர் சொல்லச் சொல்ல உடனே எழுதிவைத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் நல்ல திரையும் எழுத்துப் பலகையும் வேண்டும்.

கொழும்பிற் கடைகள் சில ஏறி இறங்கினோம். கடைக்காரர் முதலிற் காட்டியது 15.6 அங்குலத் திரையுடையது. காட்சிக்கு இனியதுதான். எம் மகளோ, “அப்பா, மேசையிலை வைச்சுப் பாராதேங்கோ, தோளிலை போட்டுப் பாருங்கோ” என்றாள். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் செல்வோருக்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

அடுத்துக் காட்டியது விலை மலிந்தது. அதன் சேமிப்பிடம் 64 ஜிகாபைட். விண்டோஸ் 11 இற்கு வேண்டிய குறைந்தபட்ச இடமே அவ்வளவு. எமது கமராவில் ஒருமுறை அழுத்தினால், திருத்தத்திற்கான மூலப்படமும் சாதாரணப் படமுமாகச் சுமார் 35 மெகாபைட் செல்லும். நாளொன்றுக்கு 150 படமெனின் 5 ஜிகாபைட்டுக்கு மேல். பன்னிரண்டு நாளுக்கு 60ஐத் தாண்டும். கணக்குப் பார்த்தபின் மலிவின் மயக்கம் தீர்ந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளையும் தவிர்த்தோம். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றதன்றோ?

ஈற்றில் தெரிந்தெடுத்தது 11.6 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிறை, 256 ஜிகாபைட் சேமிப்பு உடையது. கமராவின் மெமரி காட்டை நேரே செருகுவதற்கு இடமுண்டு. உள்ளே சுழலும் தட்டு இல்லை; ஆகவே குண்டும் குழியுமான வீதியில் பஸ் தூக்கிப்போட்டாலும் அஞ்சவேண்டுவதில்லை. கைத்தொலைபேசிக்கும் அதற்கும் ஒரே மின்னேற்றி உதவியது மற்றொரு சௌகரியம்.

எனினும் கணினி வாங்கிய மாத்திரத்தில் படங்கள் பத்திரமாகிவிடா. பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், ஒன்று வேற்றிடத்தில் என்பது பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி. இரவுதோறும் காட்டிலுள்ளவற்றைக் கணினியிற் சேர்த்து, கைக்கடக்கமான வெளிச்சேமிப்புப் பெட்டியொன்றிலும் இட்டோம். பிரதிகளைத் திறந்து பார்த்த பின்பே உறங்கினோம். காட்டையும் அழித்தோமில்லை. கணினி எம் பையிலும் பெட்டி எம் மனைவியின் பையிலும் சென்றன. இணைய வசதி வாய்த்த வீடுகளிலிருந்து முக்கியமானவற்றைக் கனடாவிலுள்ள தங்கைக்கு அனுப்பினோம்.

திருகோணமலையிற் பெரியம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. திருமணப் படத்தைச் சில நாள் இரவல் கேட்டோம். “கொண்டுபோனதெல்லாம் திரும்பி வந்ததோ, மோனை?” என்றார். விடை கூற எமக்கு வாய் எழவில்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, திண்ணையில் வைத்தே எடுத்தோம். கணினித் திரையிற் பெரிதாக்கிக் காட்டியபோது, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தவர், மணமக்களின் பின்னே பாதி மறைந்து நின்ற சிறுமியைச் சுட்டி, “இது எங்கடை கடைசித் தங்கச்சி; மற்ற வருஷம் காய்ச்சலிலை போட்டுது” என்றார். அச்சிறுமியின் முகத்தையோ பெயரையோ எம் தலைமுறையினர் எவரும் அறிந்திலர். பெயரை அவர் சொல்ல, படத்தின் கீழே அங்கேயே எழுதினோம்.

வாசகர்களே, கணினி வாங்க எண்ணுவோர் விலையையும் அழகையும் பார்ப்பது இயல்பே. அதனோடு, எதனைக் காப்பதற்காக வாங்குகின்றோம் என்பதையும் ஒருகணம் எண்ணுங்கள். அது தெரிந்துவிடின் நிறையும் இடமும் திரையும் தாமே தெளிவாகும். சுவரிலே தனித்துத் தொங்கும் படம் எதுவும் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதனைப் பற்றிச் சொல்லவல்லவர் இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பெயர்களையும் உடன் எழுதிவிடுங்கள்.