மலைநகரின் வெயிலும் மார்க்கத்தின் சலுகையும்



மக்காவிலிருந்து அல்ஹதா மலைப்பாதையில் ஏறிச் சென்றால் தாயிஃப் நகரம் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கல்லடி பட்டும் பொறுமை காத்த மண். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் மண். பிழைப்பின் பொருட்டு நாங்கள் அங்கே குடியேறினோம். அந்நகரின் வரலாற்றை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவர்கள் நாங்கள். அதன் வானிலையையோ அங்கே வாழ்ந்துதான் கற்க வேண்டியிருந்தது.

அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் வாரங்களில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகக் கூடுதல் நேரம் பிடித்தது. காயல்பட்டினத்து வெயில் வியர்வையால் எச்சரிக்கும். மலைவெயில் அவ்வாறு எச்சரிப்பதில்லை. வியர்வை உடனே உலர்ந்துவிட, தாகம் தெரியாமலே உடல் வறண்டுபோகும். ஜனவரி இரவுகளிலோ வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கும். தலையை மூடிக்கொள்வதும், தாகத்திற்குக் காத்திராமல் நீர் அருந்துவதும், மாலைக்குக் கம்பளி எடுத்து வைப்பதும் எங்களுக்கு விரைவில் பழகிவிட்டன.

பழகாமல் நின்றது ஒன்றுதான்: எங்கள் வாப்பாவின் உளூ. நெடுங்காலச் சர்க்கரை நோயாளி அவர். வறண்ட காற்றில் அவருடைய குதிகால்கள் வெடித்தன. பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்ததால் இரத்தம் கசிவதைக்கூட அவர் உணரவில்லை. ஆறாத புண் காலையே இழக்கச் செய்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆயினும் ஐந்து வேளையும் குளிர்ந்த நீரிலேயே கால் கழுவினார். "சிரமத்திலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களைப் போக்கும் என்று நீங்கள்தானே ஓதிக் கொடுக்கிறீர்கள்?" என்று எங்களிடமே கேட்டார்.

அந்த நபிமொழி உண்மை. தானாக வந்த சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதற்கே அந்த நற்கூலி. சிரமத்தைத் தேடிப் போவதற்கு அன்று. நீரைச் சூடாக்குவதால் நன்மை குறையாது. பயணமொன்றில் முஃகீரா (ரலி) அவர்கள் நபிகளாரின் தோல் காலுறைகளைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையில் அணிந்தவை என்று கூறித் தடுத்து, அவற்றின் மீதே மஸ்ஹு செய்தார்கள். உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் அச்சலுகை உண்டு. "வாப்பா, நபிகளார் ஏற்றுக்கொண்ட சலுகையை நாம் ஏன் விட வேண்டும்?" என்று பணிவோடு கேட்டோம். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "காலுறை எங்கே கிடைக்கும்?" என்றார்.

அதன்பின் ஃபஜ்ருக்கு வீட்டிலேயே இளஞ்சூட்டு நீரில் உளூச் செய்வார். பாதங்களைத் துடைத்து, குதிகாலில் களிம்பு தடவி, கணுக்காலை மூடும் தோல் காலுறை அணிவார். இஷா வரை மஸ்ஹுதான். இரவில் கழற்றியதும் அவர் பாதங்களை நாங்கள் விளக்கொளியில் பார்வையிடுவோம். சில வாரங்களில் வெடிப்புகள் மூடின, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு வழிகள் இருக்கையில், பாவமில்லாதவரை எளியதையே நபிகளார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். உங்கள் இல்லத்திலும் முதியவர் இருப்பின், இன்றிரவே அவர் பாதங்களைப் பாருங்கள். சலுகைகளையும் கனிவோடு எடுத்துச் சொல்லுங்கள். உடலும் அவன் தந்த அமானிதமே. அதைப் பேணி வணங்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.