சல்லடை யாருக்காக?



எங்கள் பசுவந்தனையில் கடல் கிடையாது. கரிசல் காடும், வானம் பார்த்த பருத்தியும் உளுந்தும்தான். மீன் என்றால் தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சாளைதான். கரண்டு என்றாலும் தூத்துக்குடி அனல்மின் நிலையம்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். 1979-ல் முதல் அலகு. 1992-க்குள் 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். மீனுக்கும் கரண்டுக்கும் ஒரே கடல்!

சென்ற ஆண்டு கடலோர மின்நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனோம். எல்லோரும் டர்பைனை வேடிக்கை பார்க்க, நான் பம்ப் ஹவுஸில் நின்றுவிட்டேன். சுழலும் சல்லடையில் பாசி, சொறி மீனோடு விரல் நீளக் குஞ்சுகளும் மேலே வந்தன.

நீராவியை மறுபடி தண்ணீராக்கக் கண்டன்சருக்குக் கடல்நீர் வேண்டும். கல்பாக்கத்தில் கடலுக்கு அடியில் 468 மீட்டர் சுரங்கம் வழியாக வினாடிக்குச் சுமார் 35,000 லிட்டர் எடுக்கிறார்கள். இந்த இழுப்பில் மீன்கள் சல்லடையில் ஒட்டிச் சாகும். முட்டையும் பொடிக் குஞ்சும் சல்லடைக் கண் வழியே உள்ளே போய்விடும். பம்பின் அடி, கண்டன்சர் சூடு, சிப்பி ஒட்டாமலிருக்க விடும் குளோரின் மூன்றையும் அவை தாண்டியாக வேண்டும். சல்லடையில் கிடப்பதையாவது எண்ணலாம். உள்ளே போன முட்டையை யார் எண்ணுவது?

வீட்டில் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடமே போகாத அப்பா கேட்டார்: "ஏலே, நம்ம கிணத்து புட்வால்வுலயும்தான் கெண்டைக் குஞ்சு ஒட்டுது. மோட்டார நிறுத்துனா நீந்திப் போயிரும். அங்க நிறுத்துவாகளா?"

நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் நம் வீட்டில் விளக்கு எரியாது.

ஆனால் வேகத்தைக் குறைக்கலாமே! ஓட்டம் என்பது பரப்பு பெருக்கல் வேகம் என்று ஹைட்ராலிக்ஸில் படித்தோம் அல்லவா? வாயை அகலமாக்கினால் அதே தண்ணீர் மெதுவாக வரும். மீன் எதிர்நீச்சல் போட்டுத் தப்பிக்கும். சல்லடையருகே வேகம் வினாடிக்கு அரை அடிக்கு மேல் போகாமலிருப்பதை, மீனைக் காக்கும் வழிகளில் ஒன்றாக அமெரிக்காவின் 2014 விதி ஏற்கிறது. கூடங்குளத்திலும் நீர் எடுக்கும் இடத்தில் மீன் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கிறார்கள். முட்டைக்கு நீந்தத் தெரியாது. அதைக் காக்க, எடுக்கும் நீரின் அளவையே குறைக்க வேண்டும். கூலிங் டவர் வைத்து அதே நீரைச் சுற்ற விட்டால் அதுவும் முடியும். செலவுதான் கூடும்.

நாளை நம்மில் யாராவது ஒருவர் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் லாக் புக்கோடு நிற்போம். சல்லடை கண்டன்சர் குழாயைக் காக்க மட்டும்தானா என்று அன்றைக்கும் கேட்போமா, தோழர்களே?