பைசா செலவில்லாத ஆபரேஷன்

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரும் கோயிலுக்குள் நிற்கிற உறங்காப்புளியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பிறந்ததும் அழாமல், பால் குடிக்காமல், கண் திறக்காமல் கிடந்த பிள்ளையைப் பெற்றவர்கள் புளியமரத்தடியில் விட்டார்கள், பதினாறு வருசம் கழித்து வாய் திறந்தது என்பது கதை. எங்கள் காலனியிலும் ஒரு பிள்ளை கண் திறக்காமல் கிடந்தான். என் அக்கா மகன். அவனுக்குப் புராணம் கிடையாது. அவனுக்கு ஆன செலவை எழுதிவைத்த ஒரு நாற்பது பக்க நோட்டுதான் என்னிடம் இருக்கிறது.

2014இல் அவனுக்கு மூன்று வயது. இரண்டு வாரம் காய்ச்சல், வாந்தி. பிறகு எழுப்பினாலும் முழிக்கவில்லை. காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கியதால் மூளைக்குள் நீர் கட்டிவிட்டது என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். மூளைக்குள் நீர் ஊறுவது நோயல்ல. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் போல ஊறி, வடிந்து, ரத்தத்தில் சேரும். வடிகிற வழி அடைத்தால் தேங்கி மூளையை நெரிக்கும். அந்த நீரை வயிற்றுக்குள் இறக்கிவிட, தோலுக்கடியில் காதுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய டியூபும், நடுவில் ஒரு வால்வும். இதுதான் ஷண்ட். அக்காவுக்கு நான் மடை, வாய்க்கால் என்று சொன்னேன். ஆயுசு முழுக்க வயலில் நின்றவள், உடனே புரிந்துகொண்டாள்.

காசநோய் எங்கிருந்து வந்தது? தாத்தாவுக்கு ஆறு மாசமாக இருமல். ஒரே அறையில் ஏழு பேர். நோய் கிருமியால் வருகிறது, சரி. அந்தக் கிருமி யார் வீட்டில் தங்கும் என்பதை நிலமும் சாதியும்தான் முடிவு செய்கின்றன.

2012இல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இருந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அன்றைக்கு அந்த அட்டை கிடைக்கும். இப்போது அந்த வரம்பு 1,20,000. ஆபரேஷனுக்கும் டியூபுக்கும் காசு கேட்கவில்லை. "பைசா செலவில்லாம பிள்ளயக் காப்பாத்திட்டியே, நீ யோகக்காரிட்டி" என்றார்கள் தெருவில். பொய்யில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் அவன் இன்றைக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறக்க வேண்டும்.

அக்கா வேலைக்குப் போகாத நாள் 41, கூலி 150 வீதம் 6,150 ரூபாய். அத்தான் வாழைத்தார் சுமக்கப் போகாத நாள் 26, கூலி 350 வீதம் 9,100. வெளியே எடுத்த ஸ்கேன் 2,500. பஸ் 1,900. கூட இருந்தவர்கள் சாப்பாடு 4,300. ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற, வார்டுக்குள் விட, கையில் வைத்தது 1,250. ஆகமொத்தம் 25,200. அக்காவின் கம்மல் அடகுக்குப் போயிற்று, வட்டி தனி. இலவச ஆபரேஷனின் விலை இது.

டியூபின் விலை எவ்வளவு? உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற மருத்துவர் 195 குழந்தைகளிடம் இரண்டு வகை ஷண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். 2005இல் முடிவு வெளிவந்தது. மேலைநாட்டு ஷண்ட் 650 டாலர். உத்தரப்பிரதேசத்து ஷாஜஹான்பூரில் செய்யப்படும் சாப்ரா ஷண்ட் 35 டாலர். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் பலனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, உயிர்காக்கும் டியூபை மலிவாகவும் செய்ய முடியும். செய்தும்விட்டார்கள். ஆனால் டியூப் மலிந்தாலும், இலவசமே ஆனாலும், அதுவரைக்கும் போய்ச் சேருகிற வழி எங்களுக்கு மலிவாகவில்லை.

பதினோரு மாசம் கழித்து ஒரு புதன்கிழமை அக்கா போன் பண்ணினாள். நான் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். "ஏல தம்பி, பிள்ள சாப்ட்டதெல்லாம் வாந்தி எடுக்கான். தூங்கிக்கிட்டே கெடக்கான். சனிக்கிழம கூலி வாங்குனதும் கூட்டிட்டுப் போவமா?" நான், "காய்ச்சலாத்தான் இருக்கும். சரிக்கா, சனிக்கிழம நானும் வந்துருதேன்" என்றேன்.

டியூப் அடைத்திருந்தது. குழந்தைகளுக்கு வைக்கிற ஷண்டுகளில் ஏறக்குறைய பாதி இரண்டு வருசத்துக்குள் பழுதாகின்றன என்பது மருத்துவர்கள் அறிந்த கணக்கு. முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதை அக்காவால் வாசிக்க முடியாது. எம்.ஏ. படித்த நான் வாசிக்கவில்லை. மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தேன். இரண்டாவது ஆபரேஷனும் அட்டையில்தான் நடந்தது. பிள்ளை பிழைத்தான். தேங்கிய நீர் கண் நரம்பை நெரித்துப் பார்வை மங்கிப்போயிற்று. இன்றைக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவனுக்குக் கரும்பலகை தெரிவதில்லை. பாடத்தை நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான்.

ஒரு வார்த்தை அக்கா என்னைக் குறை சொன்னதில்லை. "அன்னைக்குக் கையில இருநூறு ரூவா இருந்திருந்தா ஒங்கிட்டக் கேட்டே இருக்க மாட்டேன்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். என் தப்பு என்னோடு. ஆனால் பஸ் காசு இல்லாததை யார் தப்பில் எழுதுவது?

மாத்திரை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் போதாது என்று அரசுக்கே தெரியும். அதனால்தான் காசநோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாசம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறார்கள். அந்த நியாயம் ஷண்ட் வைத்த பிள்ளைக்கும் பொருந்தும். கூட இருக்கும் தாய்க்கு அன்றன்றைய கூலி வேண்டும். போக வரப் பஸ் பாஸ் வேண்டும். 2021இல் வந்த பெண்கள் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், நகரத்துக்குப் போகிற ரூட் பஸ்ஸுக்கு அல்ல. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாள் தமிழில் வேண்டும். இவை தர்மம் அல்ல, சிகிச்சையின் பாகம்.

அரசு அந்தத் தாளைத் தருகிறவரை நாங்களே தமிழில் எழுதிக் கொடுத்துவருகிறோம். உங்கள் பகுதியிலும் எழுதிக் கொடுங்கள். டியூப் வைத்த பிள்ளைக்கு வாந்தி, தலைவலி, தூக்கக் கிறக்கம், காய்ச்சல், வலிப்பு, பார்வைக் கோளாறு, டியூப் ஓடுகிற இடத்தில் வீக்கம் என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் பண்ணிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்காதீர்கள்.