வெளியில் தெரியாத நோய்

2010இல் கிளிநொச்சியில் மீள்குடியேறினோம். வாழ்வாதார உதவியாக இரண்டு மறியாடுகள் கிடைத்தன. கணவரை இழந்த எனக்கு, மகளின் ரியூசன் காசு அந்தப் பாலில்தான் வந்தது.

இரண்டாம் ஈற்றில் ஓர் ஆட்டுக்குப் பால் குறைந்தது. குட்டிகளும் தேறவில்லை. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலும் வெள்ளையாகவே இருந்தது. தீனி கொடுத்தும் பயனில்லை என்று ஏசி, இறைச்சிக்கு விற்க விலை பேசிவிட்டேன்.

கொடுப்பதற்கு முதல்நாள் மிருக வைத்தியர் வந்தார். இரண்டு காம்புகளின் பாலையும் ஒரு தட்டின் இரு குழிகளில் தனித்தனியே கறந்து, அதேயளவு சோதனை மருந்து விட்டுச் சுழற்றினார். ஒன்று தண்ணீராகவே இருந்தது. மற்றது கூழாகத் தடித்தது.

“இது மறைந்திருக்கிற மடியழற்சி, அம்மா. கிருமி காம்புத் துவாரத்தால் போயிருக்கு. அதை எதிர்க்கிற உயிரணுக்கள் கூடினால் பால் இப்பிடித் தடிக்கும்.”

விறகு பொறுக்கிய கையோடு அவசரத்தில் கறந்தது நான்தான். பிழையை ஆட்டின் மேல் போட்டிருந்தேன்.

அன்றுமுதல் கை கழுவினேன். ஒவ்வோர் ஆட்டுக்கும் வேறு துணியால் காம்பைத் துடைத்தேன். நோயுள்ளதைக் கடைசியாகக் கறந்தேன். மருந்து முடிந்தும், அவர் சொன்ன நாள்வரை பாலை விற்கவில்லை. அந்த நாட்களைக் கடனில்தான் ஓட்டினோம்.

ஆடு தேறியது; பின்னும் மூன்று முறை ஈன்றது.

சகோதரிகளே, பால் குறைந்த ஆட்டை விற்பதற்கு முன், ஒருமுறை பாலைச் சோதித்துப் பாருங்கள்.